கோபுர வாசல் காற்று

கல்லூரியை முடித்துவிட்டு பெங்களூர் அறையைக் காலி செய்துகொண்டு வந்த தம்பி மகன், துணி மூட்டையோடு தன் கம்ப்யூட்டரையும் தூக்கி வந்து மாடி அறையில் வைத்திருந்தான். பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே ஃபேன்கள் நிறம் மாறி மாறி எரிந்தன. தீபத் திருவிழாவுக்கு மாடவீதியில் சீரியல் விளக்கு போட்ட மாதிரி இருந்தது. கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. மோர் டம்ளரோடு மாடி ஏறியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்த வாசனை.

சூடேறிய தூசியின் வாசனை அது. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து பிளக்கில் சொருகினால் முதல் இரண்டு நிமிடம் ஒரு வாசனை வருமே, அதில் கொஞ்சம் வார்னிஷும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. கம்ப்யூட்டரோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

"இன்னாடா, வேகற வாசனை வருது?"

"கேம் ஆடினா தொண்ணூறு டிகிரிக்குப் போயிடுது பெரியப்பா. இன்னும் மூணு ஃபேன் ஆர்டர் போடலாம்னு இருக்கேன். மாட்டிட்டா சரியாயிடும்."

இன்னும் மூணு ஃபேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. மோரைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது மனசு.

அப்போது திருவண்ணாமலையில், திருமஞ்சன கோபுரத் தெருவில் பத்துக்கு எட்டு அளவில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, டியூஷன் சென்டர் பிட் நோட்டீஸ், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதான நோட்டீஸ். பேஜ்மேக்கரில் அடித்து, லேசர் பிரிண்டரில் பட்டர் பேப்பரில் எடுத்து, பிழை பார்த்து, ஆப்செட் அச்சகத்துக்குக் கொடுத்து அனுப்புவோம். கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். நகையை அடகு வைத்து வாங்கியது. அதனால் அதற்கு வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கு உள்ள மரியாதை.

அந்த மரியாதையை இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கிற சென்டர்களில் எல்லாம் அப்படித்தான். அங்கே ஏசி வேறு இருக்கும். நம்மால் ஏசிக்கு எங்கே போக? அதனால் தூசி படாமலாவது காப்பாற்றுவோம் என்று மானிட்டருக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை, பிரிண்டருக்கு ஓரத்தில் ஜரிகை வைத்த ஓர் உறை. பெட்டியை நாங்கள் சிபியு என்றுதான் சொல்வோம். சிபியு என்பது உள்ளே இருக்கிற ஒரு சில்லு மட்டும்தான் என்பது பின்னால் தெரிந்தபோதும் பழக்கம் மாறவில்லை. அந்தச் சிபியுவுக்கென்று தச்சர் ஒருவரிடம் சொல்லி மேஜைக்கு அடியில் தனி அலமாரியே செய்து வைத்திருந்தேன். முன்னால் கதவு, கதவுக்குப் பூட்டு, முதுகில் பலகை. ஒயர் போவதற்கு மட்டும் கட்டைவிரல் நுழைகிற அளவில் ஒரு துளை. அலமாரிக்கு மேலே லேசர் பிரிண்டர். "பேங்க் லாக்கர் மாதிரி இருக்குங்க" என்று சொல்லிக் கூலியோடு பத்து ரூபாய் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார் தச்சர்.

முதல் வருஷம் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது சித்திரையில் ஆரம்பித்தது.

காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி கம்ப்யூட்டரைப் போட்டால் கிளி மாதிரி பேசும். பதினொரு மணி தாண்டினால் மவுஸ் இழுத்த இழுப்புக்கு வராது. பன்னிரண்டுக்கு அப்படியே உறைந்து நிற்கும். அணைத்துவிட்டுப் போட்டால் கால் மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். சில சமயம் தானாகவே 'டப்'பென்று அணைந்துவிடும். சித்ரா பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. வருஷத்தில் கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடி ஊரில் கூட்டம் சேர்கிற நாள். நீர்மோர்ப் பந்தல்காரர்கள், அன்னதானக் குழுக்கள் எல்லாரும் நோட்டீசுக்கு வந்து நிற்கிறார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

சர்வீஸ் பையன் வந்தான். வைரஸ் என்றான். ஃபார்மேட் அடித்தான். இரண்டு நாள் கழித்து மறுபடி ஃபார்மேட் அடித்தான். அப்புறம் லோ வோல்டேஜ் என்றான். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர் திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். வைரசும் போகவில்லை, திருஷ்டியும் போகவில்லை.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்தது எதிரில் பூ விற்கிற அக்காதான். தன் வாழ்நாளில் அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. நான் வாசலில் வந்து நின்று நெற்றியைத் துடைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, உன் மிஷினு காலைல நல்லா இருக்குது, உச்சி வெயிலுக்கு வாடுது, சாயங்காலம் திரும்ப எழுந்துக்குது. என் பூக்கூடை மாதிரிதான இருக்குது? ஈரத்துணி போட முடியாதா அதுக்கு?"

ஈரத்துணி போட முடியாது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் மண்டையில் பல்பு எரிந்தது. வைரஸ் மணி பார்த்து வருமா? திருஷ்டிக்கு உச்சிவெயில் தெரியுமா? அலமாரிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டேன். சுட்ட அப்பளத்தை மூடி வைத்த டப்பாவுக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தேன். அதற்கு முன் நான் உள்ளே பார்த்ததில்லை. பிராசஸர் மேல் அலுமினியத் தகடுகள் சீப்பு மாதிரி வரிசையாக நிற்கும் ஹீட் சிங்க் இருக்க வேண்டும். அங்கே ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டுதான் தெரிந்தது. தூசி அப்படி ஒட்டித் திரண்டிருந்தது. சும்மா ஊதினால் பறக்கிற தூசியும் இல்லை. கோயில் தெருவின் தூசிக்கென்று ஒரு குணம் உண்டு. சூடம் எரிந்தால் கறுப்புப் புகை கக்கும்; அந்தக் கரி, ஊதுபத்திப் புகை, நெய்விளக்குப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து தூசியைப் பசை மாதிரி ஆக்கிவிடும். பல் துலக்கும் பழைய பிரஷால் தகட்டுக்குத் தகடு நோண்டி எடுத்தேன். அரை உள்ளங்கை அளவுக்கு உருட்டி வைக்கலாம் போலத் திரண்டது.

சுத்தம் செய்ததில் பாதி நோய் குறைந்தது. மீதிக்கு என்ன செய்வது? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பக்கத் தகட்டை மாட்டாமல் விட்டு எதிரே டேபிள் ஃபேனை வைத்தேன். அந்தக் காலத்தில் பாதிக் கடைகளில் கம்ப்யூட்டர் இப்படிச் சட்டை கழற்றிய நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். சித்ரா பௌர்ணமி நோட்டீஸ்கள் அந்த டேபிள் ஃபேன் புண்ணியத்தில் வெளியே போயின. ஆனால் பதினைந்தே நாளில் உள்ளே மறுபடி தூசிப் படலம். அதோடு ஒரு நாள் காலை, கதகதப்பைத் தேடி வந்த பல்லி ஒன்று மதர்போர்டின் மேல் ஒயிலாகப் படுத்திருந்தது. தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. மதர்போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. ஸ்விட்சைப் போடுவதற்கு முன் நான் குனிந்து பார்த்ததில் பல்லிக்கும் நல்ல பலன், எனக்கும் நல்ல பலன்.

சட்டையை மாட்டித்தான் ஆக வேண்டும், மாட்டினால் வேர்க்கும். அப்போதுதான் சர்வீஸ் பையன், "கேபினெட் ஃபேன்னு ஒண்ணு இருக்குண்ணே, ரெண்டு வாங்கி மாட்டிட்டா சரியாயிடும்" என்றான். எங்கள் ஊரில் அது கிடைக்கவில்லை.

செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறினேன். கோயம்பேட்டில் இறங்கி டவுன் பஸ் பிடித்து சிம்சன் ஸ்டாப். அங்கிருந்து ரிச்சி தெரு நடைதூரம். ஒரு காலத்தில் ரேடியோ, டேப்ரிக்கார்டர் உதிரிபாகங்களுக்கென்று பேர்போன தெரு. பிறகு கம்ப்யூட்டர் வந்து நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளுக்கும் வழிந்தது. ஒரு ஆள் அகலக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு ஃபீஸ் வாங்கவில்லை.

"கேபினெட் ஃபேன் ரெண்டு வேணும் பாய்."

எண்பது மில்லிமீட்டர் ஃபேன் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்றைக் கையில் எடுத்து இறக்கையை விரலால் சுண்டி என் காதருகே கொண்டுவந்தார்.

"கேளுங்க. சத்தம் வருதா?"

"வரலையே."

"இது பால் பேரிங். இன்னொண்ணு ஸ்லீவ் பேரிங், விலை கம்மி. புதுசுல அதுவும் சத்தம் போடாது. உங்க ஊர் வெயிலுக்கு எண்ணெய் காஞ்சுபோய் சீக்கிரம் கரகரன்னும். எது வேணும் சொல்லுங்க."

விலை கூடியதையே வாங்கினேன். ஃபேனின் சட்டத்தைத் திருப்பிக் காட்டினார். பிளாஸ்டிக்கில் பொடியாக இரண்டு அம்புக்குறி அச்சாகியிருந்தது. ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றொன்று காற்று போகும் திசை. அம்புக்குறி இல்லாத ஃபேனாக இருந்தால், ஸ்டிக்கர் ஒட்டி நாலு கம்பி தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். கூடவே ஒயர் கணக்கும் சொன்னார். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த். மஞ்சளும் கறுப்பும் கொடுத்தால் முழு வேகம். மஞ்சளும் சிவப்பும் கொடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 7 வோல்ட். மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும். "ராத்திரி வேலை பாக்கறவங்க இப்படித்தான் மாட்டிக்குவாங்க." அதையெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொண்டு வந்தும் தப்பாகத்தான் மாட்டினேன். பெட்டிக்கு முன்னால் கீழே ஒன்று, பின்னால் மேலே ஒன்று என்று இடம் இருந்தது. சூடாக இருக்கிறது, அதனால் காற்றை உள்ளே ஊத வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டையும் உள்நோக்கி ஊதும்படி வைத்துத் தகட்டை மூடினேன். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் என்றொரு பக்கம் இருக்கும், அதில் பிராசஸர் சூடு தெரியும். திறந்து பார்த்தால் முன்பைவிட மூன்று டிகிரி கூடியிருந்தது. காசும் போய், பஸ் டிக்கெட்டும் போய், சூடும் ஏறியிருந்தால் எப்படி இருக்கும்? தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அம்மா மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்திருந்தார். சாமி படத்தின் முன் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து நான் பெட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். காற்று எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. முன்னால் காட்டினால் புகை உள்ளே போனது. பின்னால் காட்டினாலும் உள்ளே போனது. வெளியே எங்கே வருகிறது என்று தேடினால், ஃப்ளாப்பி போடுகிற வாய் வழியாக நூல் நூலாக வந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், "சார், கம்ப்யூட்டருக்கு சாம்பிராணி போடறீங்களா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

அம்மா தூக்கை இறக்கி வைத்தார். "ரெண்டு பக்கமும் நீ உள்ளயே ஊதினா, உள்ள இருக்கறது எப்படிடா வெளிய போவும்? முன்கதவத் தொறந்து பின்கதவ சாத்தி வச்சா வீட்டுக்குள்ள காத்து வருமா? எட்டிப் பாத்துட்டுப் போயிடும்."

விறகடுப்பில் புகையோடு போராடியே பாதி ஆயுள் போனவர். பே கோபுரத் தெருவில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில், சமைக்கும்போது முதலில் தெருக்கதவைத் திறப்பார், பிறகு புழக்கடைக் கதவைத் திறப்பார், அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பார். எந்தப் பக்கம் காற்று வரும், எந்தப் பக்கம் புகை போகும் என்று மாதத்துக்கு மாதம் அவருக்குக் கணக்கு உண்டு.

பின் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். முன்னால் ஊதுபத்தி காட்டினால் புகை கீழிருந்து உள்ளே போய், நாலு நொடியில் பின்னால் மேலே ஒரே சீராக வெளியே வந்தது. அப்போதும் ஒரு குறை. ஹார்ட் டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் போகிற பட்டை ஒயர்கள் நாடா அகலத்தில் பாதையின் குறுக்கே துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. அவற்றை மடித்து ஓரமாகக் கட்ட எதிர்க்கடை அக்காவிடம் பூ கட்டுகிற நூல் வாங்கினேன். கடைசியாகத் தச்சரையே கூப்பிட்டு அந்த லாக்கரின் முதுகுப் பலகையை அறுத்து எடுக்கச் சொன்னேன். பிரிண்டரையும் இடம் மாற்றினேன். லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்கித் தாளில் ஒட்டவைக்கிற உருளை சூடேறும். அந்தச் சூட்டை ஊதித் தள்ளுகிற அதன் வாய், இத்தனை நாளும் என் கம்ப்யூட்டரின் மூக்குக்கு நேராக இருந்திருக்கிறது.

70 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பிராசஸர் 58-க்கு இறங்கியது. அந்தக் கடையில் அதற்கப்புறம் மதியத்தில் கம்ப்யூட்டர் நின்றதில்லை.

பிற்பாடு கிடைத்த பத்திரிகைகளையும் புத்தகங்களையும் புரட்டியபோது ஒரு விஷயம் படித்து ஆறுதல் அடைந்தேன். இன்றைக்கும் நம் கேபினெட்டுகளுக்கு அடிப்படையாக இருக்கும் ஏடிஎக்ஸ் அமைப்பை இன்டெல் 1995-ல் கொண்டுவந்தது. அதன் முதல் வடிவத்தில், பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து பிராசஸர் மேல் ஊத வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டைச் சுமந்த காற்று பிராசஸர் தலையில் போய் விழுந்தது. பிறகுதான் அதை வெளியே தள்ளும்படி திருப்பினார்கள். பெரிய பெரிய பொறியாளர்களே ஒரு தரம் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். திருமஞ்சன கோபுரத் தெருக்காரன் மாட்டினால் என்ன?

386 காலத்தில் பிராசஸருக்கு ஃபேனே கிடையாது. வேகம் கூடக் கூடச் சூடும் கூடியது. 2004-ல் வந்த பென்டியம் 4 பிராசஸர்களில் சில 115 வாட் வரை போயின. நூறு வாட் குண்டு பல்பைவிட அதிகம், அதுவும் தபால்தலை அளவு சில்லில். அதே ஆண்டு மே மாதம், அடுத்து வரவேண்டிய 'டெஜாஸ்' பிராசஸர் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. ஒரே சில்லை இன்னும் வேகமாக ஓட்டுவதை விட்டு, ஒன்றுக்குள் இரண்டு, நாலு என்று கோர்களை வைக்கும் பாதைக்குத் தொழிலே திரும்பியதற்கு இந்தச் சூடு ஒரு பெரிய காரணம்.

முன்கதவு, பின்கதவு என்று அம்மா சொன்னதை நான் பெரிய அளவில் உணர்ந்தது கோயிலில்தான். மே மாத உச்சியில் பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. சுடச்சுட ஓடித்தான் கோபுர வாசலுக்குள் நுழைய வேண்டும். நுழைந்ததும் ஒரு காற்று வரும் பாருங்கள். வெளியே ஒரு இலை அசையாது, கோபுர வாசலில் வேட்டி படபடக்கும். கிழக்கே 217 அடி உயரத்தில் 11 நிலை ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பே கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். எதில் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். வெளியூர் பக்தர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். வெற்றிலை இடிக்கிற கிழவர்கள் சுவரில் சாய்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் திறந்தவெளிப் பிரகாரம், நடுவில் நிழலான ஒரு குறுகிய கல் சந்து. அகலமான இடத்தில் சோம்பி நிற்கிற காற்று, குறுகிய இடத்தில் நுழையும்போது வேகம் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு ஃபேனும் இல்லை. கதவைச் சாத்திவிட்டால் அந்தக் காற்றும் நின்றுவிடும்; வேட்டி தொங்கிப்போகும். நின்றவர்கள் கையில் இருக்கிற நோட்டீசை எடுத்து விசிறிக்கொள்வார்கள். அதில் சில நான் அடித்த நோட்டீசாக இருக்கும்.

எங்கள் ஊர் அக்னித் தலம். பஞ்சபூதங்களில் நெருப்பு எங்களுக்கு. ஆனால் கிரிவலம் போகிற 14 கிலோமீட்டரில் எட்டுத் திக்குக்கும் ஒவ்வொரு லிங்கம் இருக்கிறது, வடமேற்கில் வாயுலிங்கம். அம்மாவோடு கிரிவலம் போகும்போது அங்கே மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காருவோம். "நெருப்பு இருக்கற ஊர்ல காத்துக்கும் ஒரு சாமி வேணும்ல" என்பார் அம்மா. கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் மலைப்பக்கமிருந்து அனல் வரும். பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை இரவில் திருப்பித் தரும். ஃபேனுக்கு ஒரு எல்லை உண்டு என்பது அந்த ராத்திரிகளில்தான் எனக்கு விளங்கியது. ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சூட்டைச் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அறை 40 டிகிரி என்றால், எத்தனை ஃபேன் மாட்டினாலும் உள்ளே 40-க்குக் கீழே வராது.

அந்த இரண்டு ஃபேன்களின் சத்தம் பல வருஷம் என் கடையின் தம்பூரா சுருதி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது காதில் விழாது. நின்றால்தான் தெரியும். 2012-ல் சென்னையைத் தாண்டினால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. யுபிஎஸ் கீக் கீக் என்று கத்தி, கோப்பைச் சேமித்து, அணைத்தபிறகு ஃபேன் மெல்ல மெல்ல இறங்கி நிற்கும். அந்த அமைதியில் எதிர்க்கடை அக்கா பூ கட்டும்போது நூலைப் பல்லால் அறுக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது, பின்பக்கம் குனிந்து ஃபேனின் நடுவட்டத்திலும் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். செல்போனிலேயே பத்திரிகை அனுப்புகிற காலம் வந்து கடையை மூடியபோது, கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். ஃபேன்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

"பெரியப்பா, மோர் குடிச்சாச்சு. இன்னா யோசனை?" என்றான் பையன்.

"ஆர்டர் போடறத ரெண்டு நிமிஷம் நிறுத்து. பூஜை ரூம்ல இருந்து ஒரு ஊதுபத்தி கொண்டா."

அவனுடைய கேபினெட்டை மேஜைக்கடியில் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தான். முன்பக்கம் பளபளவென்று ஒரே கண்ணாடிப் பாளம். ஓரத்தில் நகம் நுழைகிற அளவு இடுக்கு வழியாகத்தான் முன்னால் இருக்கும் மூன்று ஃபேனும் மூச்சு விட வேண்டும். அவை 120 மில்லிமீட்டர் ஃபேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே சின்ன ஃபேன் அளவு காற்றைத் தள்ளும், அதனால்தான் இப்போது சத்தம் குறைவு. பொருள் நல்ல பொருள்தான். விளக்கின் நிறம் உள்ளே அழகாகத் தெரியட்டும் என்று மூன்றையும் முகம் திருப்பி மாட்டியிருந்தான். மூன்றும் வெளியே ஊதின. பின்னால் இருந்த ஒன்றும் வெளியே ஊதியது. என் கதைக்கு நேர் எதிர்க் கதை. உள்ளே வருவதற்கு வழியே இல்லை. ஊதுபத்தியைப் பின்பக்கத்து ஸ்லாட் இடுக்கில் காட்டினால் புகை அங்கே நுழைந்துகொண்டிருந்தது. பெட்டி பாவம், கிடைத்த ஓட்டையில் எல்லாம் மூச்சு வாங்கியது. நுழைகிற இடமெல்லாம் வடிகட்டி இல்லாத இடம் என்பதால் கோடு கோடாகத் தூசி.

கண்ணாடிப் பாளத்தைக் கழற்றினோம். அதற்குப் பின்னால் தூசி வலை இருந்தது. வலையைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தோம். முன் ஃபேன் மூன்றையும் உள்நோக்கித் திருப்பினோம். பின்னால் ஒன்று வெளிநோக்கி, அப்படியே. வருகிற காற்று போகிற காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி உள்ளே வராது, வலையில் நின்றுவிடும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சும்மா விட்டால் தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் போகும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம்.

ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்தான். "எழுபத்தெட்டுக்கு மேல ஏறல பெரியப்பா" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா முன்பக்கம் கண்ணாடி இல்லாம மொட்டையா இருக்கு" என்றான். அது அவன் கவலை. ஃபேன் ஆர்டர் மட்டும் போடவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் சூடாகிறது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ஃபேன் வாங்குவதற்கு முன் ஒரு ஊதுபத்தி ஏற்றிப் பெட்டியைச் சுற்றிக் காட்டிப் பாருங்கள். புகை ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வந்தால் சரி. வரவில்லையென்றால் தூசியைத் தட்டுங்கள், திசையைப் பாருங்கள், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். அதற்கு அப்புறமும் சூடு இருந்தால் ஃபேன் வாங்குங்கள்.

அன்று சாயங்காலம் பரணில் இருந்த தகர டப்பாவைத் தேடி எடுத்தேன். ரிச்சி தெரு ஃபேன்களில் ஒன்று எங்கோ போய்விட்டது. மற்றொன்றின் நடுவட்டத்தில் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் சுண்டிக் காதருகே வைத்துப் பார்த்தேன். இப்போது அது 12 வோல்ட் அடாப்டரில், கூடத்தில் இருக்கும் வைஃபை பெட்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்புக்குறி பார்த்துத்தான் வைத்தேன்.